இயங்கும் நிரல் எவருடையது?
விளையாட்டு ஆக்க மென்பொருளைச் சோதித்தறியும் முறை

கணிப்பொறி தமிழ்த் துறைக்குப் புறம்பானது என்று கருதிய காலம் கழிந்துவிட்டது. இன்று தமிழ் பயிலும் மாணவர் தாமே விளையாட்டு மென்பொருள் ஆக்குகின்றனர். அண்மையில் நம் மாணவியருள் ஒருவர், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரினர், லகர ளகர ழகர வேறுபாட்டைச் சிறுவர்க்குப் பயிற்றும் விளையாட்டொன்றைத் தம் ஆய்வேட்டின் பகுதியாக ஆக்கினார். ஆய்வகத்தில் அதனை இயக்கிய அளவிலேயே, 'இது தீங்கு நிரல்' என்று கூறிக் காவல் மென்பொருள் அகற்றிவிட்டது. காவலையே அணைத்துவிடலாம் என்றார் ஒருவர். அனைத்தையும் அழித்துவிட்டு வேறு தலைப்பு எடுக்கலாம் என்றார் மற்றொருவர். ஆய்வேடு அளிக்க ஒன்பது நாள்களே எஞ்சியிருந்தன. இரண்டும் வேண்டா, சோதித்துப் பார்ப்போம் என்று அமர்ந்தோம். அவ்வாறு கற்றதையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

வட்டில் உறங்கும் நிரல் நினைவகத்தில் ஏறி இயங்கத் தொடங்கும்போது அதனைப் 'பிராசஸ்' என்பர். நாம் இயங்குநிரல் என்போம். விண்டோஸ் கணிப்பொறியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இவற்றின் பட்டியல் தோன்றும். யூனிட்டி என்னும் மென்பொருளால் ஆக்கிய விளையாட்டை இயக்கினால், உடன் 'யூனிட்டி கிராஷ் ஹேண்ட்லர்' என்றொரு பெயரும் அப்பட்டியலில் நிற்கும். நாம் அழைக்காமல் வந்த விருந்தாளி யார் என்று பலர் அஞ்சுகின்றனர். அது விளையாட்டு இடையில் முறிந்து நின்றால் காரணத்தைக் குறித்துக்கொள்ளும் துணைநிரலேயன்றி வேறன்று.

எனினும் பெயர் ஒன்றே சான்றாகாது. தீயோர் ஆக்கும் நிரலுக்கும் அதே பெயரைச் சூட்டலாம். ஓரெழுத்தை மாற்றியும் ஏமாற்றலாம். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்'லும் பேரெழுத்து 'ஐ'யும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். தமிழ் பயின்றோர்க்கு இஃது புதிதன்று. ஏட்டுச் சுவடியில் ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை, புள்ளியிடுவதும் அரிது. ஆதலின் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரு படியை மட்டும் நம்பாது பல படிகளை ஒப்புநோக்கினர். நிரலுக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் இடம் நோக்குக. பட்டியலிலுள்ள பெயரின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, கோப்பு இருக்குமிடத்தைத் திறக்கலாம். விளையாட்டின் துணைநிரல் அவ்விளையாட்டின் உறையிலேயே இருத்தல் இயல்பு. தற்காலிகக் கோப்புகளுக்குரிய உறையிலோ, விண்டோஸின் சொந்த உறையிலோ அது ஒளிந்திருப்பின் ஐயுறத்தக்கது.

அடுத்தது முத்திரை. தெற்காவணி மூல வீதியில் நகை வாங்குவோர், கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு நிற்பதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் விரவிய ஆறிலக்கக் குறி இன்றி ஹால்மார்க் நகை விற்றல் கூடாது என்பது விதி. அக்குறியைக் கைபேசியிலேயே சரிபார்க்கலாம். மென்பொருளுக்கு அத்தகைய குறி மின்னணுக் கையொப்பம் ஆகும். கோப்பின் பண்புகளைத் திறந்தால் கையொப்பமிட்டவர் பெயர் தெரியும். அது செல்லுபடியாகிறதா என்றும் கணிப்பொறியே கூறும். ஆயின் கையொப்பம் இன்மை குற்றமாகாது. அதற்குரிய சான்றிதழ் பெறப் பணம் செலவாகும். மாணவர் ஆக்கும் விளையாட்டில் அஃது இராது.

கையொப்பம் இல்லாவிடத்தில் உதவுவது சாரக்குறி. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டில் செலுத்தினால் நீண்டதோர் எண்ணெழுத்துக் கோவை கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் கோவை முற்றிலும் வேறாகிவிடும். கோடாட் என்னும் மென்பொருளை வெளியிடுவோர் ஒவ்வொரு பதிப்பிற்கும் 128 இலக்கச் சாரக்குறியை உடன் வெளியிடுகின்றனர். நம்மிடமுள்ள படியின் குறியைக் கணித்து ஒப்பிடுதல் ஒரு நிமிட வேலை. இதனைச் செய்வோர்தாம் அரியர்.

இங்கே கோடாட் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். அர்ஜென்டினாவில் பிறந்து, 2014-இல் மூல நிரலோடு பொதுவில் வைக்கப்பட்ட மென்பொருள் அது; முற்றிலும் இலவசம். வசதி குறைந்த நம் மாணவர்க்கு ஏற்றது. 2024 நவம்பரில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி, அவ்வாண்டு சூன் இறுதி முதல் 'காட்லோடர்' என்னும் தீங்கு நிரல் கோடாட்டின் வழியே பரவி, 17,000-க்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பற்றியது. இயக்கப்பகுதி உண்மையான கோடாட்டே. அதனோடு வைத்த பொதிக்கோப்பில்தான் நஞ்சு இருந்தது. கிட்ஹப் தளத்தில் ஏறத்தாழ 200 களஞ்சியங்களை அமைத்து, போலிக் கணக்குகளால் அவற்றுக்கு நற்பெயர் தேடினர். கடவுச்சொல் திருடும் நிரலும், பிறர் கணிப்பொறியில் மின்பணம் ஈட்டும் நிரலும் அவ்வழியே புகுந்தன. அக்காலத்துக் காவல் மென்பொருள்களுள் பெரும்பாலானவை இதனைக் காணவில்லை. இது கோடாட்டின் குறைபாடன்று, எம்மொழியிலும் தீங்கு எழுதலாம் என்று அதனை ஆக்குவோர் விடையிறுத்தனர். அது சரியே என்பது நம் கருத்து. எழுத்தாணியைப் பழிப்பதால் பயனில்லை.

ஆகவே இயங்குநிரல் உண்மையானதா என்பதோடு, அஃது எதனை ஏற்றி இயக்குகிறது என்பதையும் வினவ வேண்டும். நடத்தையும் நோக்கத்தக்கது. விளையாட்டு ஆக்கும்போது கணிப்பொறி சூடேறி விசிறி இரைவது இயல்பு. எதையும் திறவாத வேளையிலும் அவ்வாறு இரைந்தால் அதற்குக் காரணம் தேடுக. வைரஸ்டோட்டல் தளத்தில் சாரக்குறியை இட்டுத் தேடினால் பல காவல் மென்பொருள்களின் தீர்ப்பை ஒருங்கே காணலாம். அறுபதில் ஒன்றிரண்டு மட்டும் ஐயுற்றால் பிழையெச்சரிக்கையாக இருக்கக்கூடும். ஒன்றுமே ஐயுறாமை தூய்மைக்கு உறுதியன்று. சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றற்க. அவை பிறர் கைக்குப் போகும்.

ஒரு கணிப்பொறிதானே என்று அயர்தலும் தகாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீங்கு நிரல் கண்டறியப்பட்டதை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணிப்பொறி அது. முக்கிய உள்வலையமைப்பு அதனின்றும் பிரிந்திருந்தமையால், நிலைய அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று கழகம் கூறியது. நம் ஆய்வகத்திலோ எல்லாம் ஒரே வலையில் உள்ளன.

மாணவியின் செய்திக்கு வருவோம். ஆய்வகத்திலிருந்த கோடாட், எவரோ பென்டிரைவில் கொணர்ந்த 'முழுப் பதிப்பு'. இலவசப் பொருளுக்கு முழுப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று அதுவரை எவரும் கேட்கவில்லை. விளையாட்டை வெளியிடுதற்குரிய அச்சுக்கோப்பின் சாரக்குறியைக் கணித்தோம். அதிகாரப் பட்டியலோடு பொருந்தவில்லை. கணிப்பொறியை வலையினின்றும் பிரித்து, அப்படியை அகற்றினோம். ஆய்வகத்தில் கடவுச்சொல் இட்டோர் அனைவரையும் வேறு கருவியிலிருந்து மாற்றச் செய்தோம். மாணவி எழுதியவை அழியவில்லை. கோடாட்டில் காட்சியும் நிரலும் பெரும்பாலும் வெற்றுரைக் கோப்புகளே. நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படித்தார். தாம் எழுதாத வரி ஒன்றும் இல்லை என்று கண்டபின், மூலத் தளத்திலிருந்து பெற்ற புதுப்படியில் அதனை மீண்டும் ஆக்கினார். காவல் மென்பொருள் வாய் திறக்கவில்லை. அதற்குள் ஏழு நாள்கள் கழிந்திருந்தன. எஞ்சிய இரண்டில் அவர் ழகரப் பகுதிக்கு மேலும் பன்னிரண்டு சொற்கள் சேர்த்தார்.