பால் உறையும் கணக்கு

பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, விடியுமுன் மரநிரையில் இறங்கி வெட்டிய ரப்பர் பால், வெயில் ஏறும்போது வாளி வாளியாக ஸ்டோருக்கு வரும். மலாக்காவில் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அடுத்து நடப்பது மனப்பாடம். தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, ஆசிட் விட்டு, நுரையை வழிப்பார்கள். மறுநாள் அது வெள்ளைக் கட்டியாக மெஷினில் ஏறும். அம்மோனியா விட்ட பாலோ உறையாமல் அப்படியே இருக்கும்.

பார்க்க வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். ஆனால் ஒரு மில்லிலிட்டர் பாலில் பல லட்சம் கோடி ரப்பர் துகள்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை மயிரிழைத் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட வராது. இரண்டு துகள் மோதி ஒட்டினால்தான் உறைதல் தொடங்கும்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. துகள்களை இரண்டு மடங்காக்குங்கள். மோதக் கிளம்புவதும் இரண்டு மடங்கு, மோதக் கிடைப்பதும் இரண்டு மடங்கு. ஆகவே மோதல் நான்கு மடங்கு. துகள்கள் மூன்று மடங்கானால் மோதல் ஒன்பது. இப்படி வேகம் செறிவின் வர்க்கத்தோடு ஏறுவதை வேதியியலில் ‘இரண்டாம் வகை வினை’ என்பார்கள். கதிரியக்க அணு சிதைவதற்கு ஜோடி தேவையில்லை, பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அது முதல் வகை. எந்த வினை எந்த வகை என்பதைத் தாளில் எழுதிய சமன்பாடு சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

தோட்டம் முந்தி வந்தது, கணக்கு பிந்தி வந்தது. டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் ரப்பர் தோட்டம் போட்டார். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, ரப்பர் பாலை நினைக்காமலே, இந்த ஒட்டுதலின் கணக்கைப் போட்டவர் போலந்து நாட்டு இயற்பியலாளர் மரியான் ஸ்மொலுகோவ்ஸ்கி. அந்தக் கணக்கு கட்டுரையாக வெளிவந்த 1917-இலேயே, 45 வயதில், வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார்.

அவர் சூத்திரத்தில் பாலின் துகள் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். மோதியதெல்லாம் ஒட்டிக்கொண்டால், கண் இமைப்பதற்குள் துகள்கள் பாதியாகிவிட வேண்டும். ஏன் ஆவதில்லை? ஒவ்வொரு துகளும் புரதப் போர்வை போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையில் எதிர்மின்னேற்றம். நெருங்குகிற இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. கோடிக்கணக்கான மோதலில் ஒன்றிரண்டு ஒட்டினாலே அதிசயம். பார்மிக் ஆசிட் அந்த மின்னேற்றத்தை அடக்குகிறது, அம்மோனியா காக்கிறது. ஆசிட் துகள்களை விரட்டி ஓட வைப்பதாக நினைத்திருந்தேன். இல்லை, முட்டிக்கொண்டவற்றை ஒட்டவிடுகிறது, அவ்வளவுதான். ஆசிட்டே விடாமல் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் கிடக்கும் பால் கட்டிப்பாலாவதும் அப்படித்தான். அங்கே ஆசிட்டைக் கிருமிகள் தயாரிக்கின்றன.

அந்த மின்னேற்றம் மட்டும் இல்லையென்றால், பால் வெட்டுக்கோட்டிலேயே ஒட்டுப்பாலாக உறைந்திருக்கும், மங்குவரை வந்திருக்காது. தோட்டமும் இருந்திருக்காது, நம் பாட்டன்மார் கப்பலேறி அங்கே போயிருக்கவும் மாட்டார்கள்.