மழையில் கார் கண்ணாடி மங்குகிறதா? எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் வேலையை முடித்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குக் கிள்ளானுக்குப் புறப்படுகிறோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் வானம் இருண்டு மழை கொட்டுகிறது. வைப்பர் முழு வேகத்தில் ஓடியும், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே மங்கலாகத் தெரிகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் பெய்யும் இந்த மழை, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாகனமோட்டும் அனைவருக்கும் பழகியதுதான்.

அதே நேரத்தில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பலர் மேம்பாலங்களின் கீழ் ஒதுங்கி நிற்பார்கள். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. காரோட்டியின் கண்ணாடி மங்கினால் முதலில் ஆபத்தில் சிக்குபவர்கள் அவர்கள்தாம்.

கண்ணாடி மங்கியதும் கையில் கிடைத்த துணியால் துடைப்பதே நம்மில் பலரின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். துடைத்த சில நிமிடங்களில் மீண்டும் மங்கும். காரணம் தெரியாமல் துடைப்பதால் பயனில்லை.

தே ஐஸ் குவளையின் பாடம்

தே ஐஸ் வைத்த குவளையின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகப் படிவதைப் பார்த்திருப்போம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீராக மாறுகிறது. கார் கண்ணாடியிலும் இதுவே நடக்கிறது. ஆனால், கண்ணாடியின் இரு பக்கத்திலும் இது நடக்கலாம் என்பதால்தான் குழப்பம்.

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தும் புகை போன்ற மங்கல் போகவில்லை என்றால் அது உள்பக்கம். நனைந்த உடை, குடை, நான்கைந்து பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்து காருக்குள் ஈரம் கூடுகிறது. வெளியே மழை கண்ணாடியைக் குளிரச் செய்கிறது. இதற்கு ஏர்கோனைப் போட்டு, காற்றை முன்கண்ணாடியின் பக்கம் திருப்ப வேண்டும். ஏர்கோன் குளிரூட்டுவதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. நிறுத்தி வைத்த காரின் அடியில் சொட்டும் நீர் அதுதான். உள்காற்றே சுற்றிவரும் பொத்தான் போட்டிருந்தால், வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். குளிருகிறது என்று ஏர்கோனை அடைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குப் பதிலாக வெப்பநிலையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

மழை குறைந்து, வைப்பரை நிறுத்தியதும் கண்ணாடி மங்கினால் அது வெளிப்பக்கம். ஏர்கோனின் குளிர்காற்று நெடுநேரம் கண்ணாடியில் பட்டு, வெளியிலுள்ள ஈரக்காற்று அதன் மேல் படிந்திருக்கிறது. பக்கக் கண்ணாடிகளிலும் இப்படி ஆகும். வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து உடல் பக்கம் திருப்பி, குளிரைக் குறையுங்கள். உள்பக்க மங்கலுக்குச் செய்த வைத்தியத்தை அப்படியே விட்டுவிட்டால் வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மங்கல் அல்ல, எண்ணெய்ப் படலம்

ஏர்கோனை எப்படி மாற்றினாலும் சரியாகாத மங்கல் ஒன்று உண்டு. கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் கனரக லாரிகளின் பின்னால் நாள்தோறும் ஓடும் காரின் கண்ணாடியில் புகையும் எண்ணெய்ப் பசையும் படிகின்றன. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவு மழையில் எதிரே வரும் விளக்கொளி பட்டதும் கண்ணாடி முழுவதும் ஒளி சிதறும். வாரம் ஒருமுறை கண்ணாடி துடைக்கும் திரவத்தால் உள்ளும் புறமும் துடைத்தால் போதும். வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்ற வேண்டாம். அதன் நுரையும் படலமாகப் படியும்.

வைப்பர் ரப்பர் நம்மூர் வெயிலில் விரைவில் இறுகிவிடும். கோடு விழுகிறதா, கீச்சென்ற சத்தம் வருகிறதா, துள்ளித் துள்ளி ஓடுகிறதா என்று பாருங்கள். முதலில் ஈரத்துணியால் ரப்பர் விளிம்பைத் துடையுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவோரும் கவனிக்க வேண்டும்: முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. மழை இரவில் அந்த விதியின் அருமை புரியும்.

மேம்பாலத்தை நெருங்கும்போது

முன்விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, முன்னால் செல்லும் வாகனத்துக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். ஓடும் காரில் ஹசார்ட் விளக்கைப் போடாதீர்கள். நீங்கள் தடம் மாறுவதைப் பின்னால் வருபவரால் அறிய முடியாமல் போகும்.

பாலத்தின் கீழ் நுழைந்ததும் மழை சட்டென நிற்கும், வெளியே வந்ததும் மொத்தமாகக் கண்ணாடியில் அறையும். ஓரிரு விநாடிகள் எதுவும் தெரியாது. ஆகவே பாலத்தடியில் வைப்பரை நிறுத்தாதீர்கள். இடது ஓரத்தை ஒட்டியும் செல்லாதீர்கள். அங்கே மழை விடட்டும் என்று யாராவது காத்து நிற்கலாம்.

சாலை சுத்தமாகத் தெரியவில்லை என்றால் அவசரத் தடத்தில் நிற்காமல், மெதுவாக அடுத்த வெளியேறும் வழியிலோ பெட்ரோல் நிலையத்திலோ ஒதுங்குங்கள். இந்தப் பிற்பகல் மழை பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.