பஸ் கட்டணமும் ஒரு கனவும்

நினைத்ததும் நடந்ததும் – 17

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அரசு ஊழியர், வயது 57. "கனவு, லட்சியம் என்று வாராவாரம் எழுதுகிறீர்கள். அதெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சரி. எனக்கு இன்னும் மூன்று வருஷத்தில் ரிட்டயர்மென்ட். வருகிற பணத்தில் மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம். இந்த வயதில் அதற்கு மேல் என்ன கனவு காணச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கேலியாகக் கேட்கவில்லை என்பது அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில்தான் மதுரை அண்ணா நகர் இருக்கிறது. இந்த வாரம் அங்கே போவோம்.

1976. அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த ஒருவர் 58 வயதில் பணி ஓய்வு பெறுகிறார். கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். ரிட்டயரான கையோடு அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டுக் கண் ஆஸ்பத்திரி ஒன்றை ஆரம்பித்தார். வங்கிகள் கடன் தர யோசித்தன. இந்த வயதில் ஆரம்பிப்பவரை நம்பி எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? சொந்த வீட்டை அடகு வைத்தார்கள். குடும்பத்துப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போனது. அரவிந்தர் மீது கொண்ட பற்றால் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்தார்.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. கண் மருத்துவம் வெங்கடசாமியின் முதல் கனவே இல்லை. சிறு வயதில், சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தோடு அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்தவர். பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்றுதான் படித்தார். சென்னை ஸ்டான்லியில் 1944-ல் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் கடுமையான முடக்குவாதம் பிடித்தது. 1948-ல் ராணுவம் திருப்பி அனுப்பியது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே கை ஒத்துழைக்காத நிலையில் பிரசவ அறைக்கு எங்கே போவது? அந்தக் கனவு அங்கேயே முடிந்தது.

கண்ணுக்கு வந்தது அதற்கப்புறம்தான். கோணல் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். ஒரே நாளில் நூறு பேருக்குக் கண்புரை எடுத்த நாட்களும் உண்டு என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். வாழ்நாளில் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1973-ல் பத்மஸ்ரீயும் வந்துவிட்டது. ஒரு மனுஷனுக்கு இது போதும். மாலையும் சந்தனமாலையும் போட்டு, ஒரு பிரிவு உபசார விழா நடத்தி, ஈஸி சேரில் உட்கார வைத்திருக்கலாம். அவருக்குப் போதவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் போதவில்லை? அரசு ஆஸ்பத்திரியில் இருந்த காலத்திலேயே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர் அவர். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை அவருக்குத் தெரியும். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். "புரை இன்னும் முத்தட்டும்" என்று தள்ளிப் போடுவார்கள். வெறும் புரை, எடுத்தால் பார்வை வந்துவிடும். எடுக்க ஆளும் இருக்கிறது. அப்படியும் லட்சக்கணக்கான பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தேவையில்லாத குருட்டுத்தன்மை ஒருவருக்கும் இருக்கக் கூடாது என்பதுதான் வெங்கடசாமி நினைத்தது. மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கிக்கொண்டு மறந்துவிடக்கூடிய வாக்கியம். அவர் அதைக் கணக்கு நோட்டுக்குக் கொண்டுவந்தார். நான் இந்த வாரம் சொல்ல வந்ததும் அந்த நோட்டைப் பற்றித்தான்.

முதல் கணக்கு பஸ் கட்டணம். முகாமில் பரிசோதித்து, "உங்களுக்கு ஆபரேஷன் இலவசம், மதுரைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலானவர்கள் வரவில்லை. இலவசமாகக் கொடுத்தும் வரவில்லையே, ஜனங்களுக்கு அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம் ஊரில் பாதித் திட்டங்கள் அந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. இவர்கள் போய் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. மதுரையில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கூட வருகிறவனுக்குக் கூலி போகும். தனியாகப் போகப் பயம். கிழவிக்கு இலவசம் என்று சொன்ன ஆபரேஷனுக்கு, வீட்டுக்காரர்கள் பார்வையில் விலை இருந்தது. அதற்கப்புறம் முகாமிலிருந்தே வண்டி ஏற்றிக் கூட்டிவந்து, தங்க வைத்து, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கும்பலாக வருவதால் பயமும் பாதி குறைந்தது. கண்ணாடி மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு முகாமிலேயே அதைத் தயார் செய்து மாட்டி அனுப்பினார்கள். இன்னொரு தடவை வரச் சொன்னால் வர மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது கணக்கு டாக்டரின் நேரம். அமெரிக்கா போயிருந்தபோது மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து அசந்துபோனவர் வெங்கடசாமி. ஊருக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தார். மதுரைக்காரர் எதற்கு அமெரிக்கா போய் வியக்க வேண்டும், நம் பரோட்டாக் கடையில் இல்லாத வேகமா என்று எனக்கு முதலில் தோன்றியது. யோசித்தால் வித்தியாசம் தெரிகிறது. பரோட்டாக் கடையில் மாஸ்டர் லீவு போட்டால் அன்றைக்கு ருசி போச்சு. மெக்டொனால்ட்ஸில் எந்த ஊரில் எவர் கை போட்டாலும் ஒரே ருசி. வெங்கடசாமிக்கு வேண்டியிருந்தது அதுதான். ஒரு கைராசி டாக்டரை நம்பி நாடு முழுக்கப் பார்வை கொடுக்க முடியாது. ஆபரேஷன் அறையில் டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் வேலை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். கண் அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளிக்குத் தைரியம் சொல்வது எல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்களின் வேலை. அங்கே 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். இப்படி ஓடியதில் ஒரு டாக்டர் வருஷத்துக்குச் சுமார் இரண்டாயிரம் பேருக்குப் புரை எடுக்க முடிந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் இதைப் பாடமாக எழுதிக்கொண்டது.

மூன்றாவது கணக்கைச் சொல்ல என் அப்பத்தாவைக் கூப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸையே எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு வெளியே ஒரு தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி. அப்பத்தா அதை நூல் போட்டுக் காதில் கட்டியிருப்பாள். ஒரு நாள் திண்ணையில் கழற்றி வைத்த கண்ணாடியைக் கன்றுக்குட்டி மிதித்துவிட்டது. அடுத்த கண்ணாடி வர நாலு மாசம். அந்த நாலு மாசமும் ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்தாளோ அப்படித்தான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

இதற்குத் தீர்வு, கண்ணுக்குள்ளேயே ஒரு செயற்கை லென்ஸை வைப்பது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். காசு கட்டுகிறவர்களுக்கு உள்ளே லென்ஸ், முகாமிலிருந்து வருகிறவர்களுக்குச் சோடாபுட்டி என்று ஒரே ஆஸ்பத்திரிக்குள் இரண்டு பந்தி ஆகிவிட்டது. ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் ஆடம்பரம் என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். அப்படியே விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. இன்றைக்கு அந்த மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ரஷ்யாவிலோ ஆப்பிரிக்காவிலோ யாரோ ஒரு கிழவி இந்த நிமிஷம் மதுரை வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெறும் புகழாரமாக இதை முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது. கனவு ஒருத்தருடையது, உழைப்பு பலருடையது. வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி, தங்கை, அவர்கள் கணவன் மனைவி என்று மொத்தக் குடும்பத்தையும் இதற்குள் இழுத்தார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் டாக்டர்கள். ஆரம்ப வருஷங்களில் நேரங்காலம் இல்லாத வேலை, குறைந்த சம்பளம், அண்ணனின் கண்டிப்பு. தம்பி சீனிவாசன் கட்டடம், கணக்கு வழக்கு என்று அலைந்தார். அவர்களில் ஒருவர் முரண்டு பிடித்திருந்தால்கூட அந்த 11 படுக்கை 11 படுக்கையாகவே நின்றிருக்கும். இன்றைக்கும் அந்த வேகத்தின் பெரும்பங்கு சிஸ்டர்களின் கால்களில்தான் இருக்கிறது. பெரிய கனவுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கால்வலியைச் சொல்வதில்லை.

தேனியில் 1985, திருநெல்வேலியில் 1988, கோவையில் 1997, புதுச்சேரியில் 2003 என்று கிளைகள் வந்தன. வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை முப்பது வருஷம்.

திருமங்கலத்து நண்பரே, மாடியில் ரூம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஒன்று கேட்கிறேன். வெங்கடசாமிக்குக் கனவைக் கொடுத்தது அவர் பார்த்த அரசு வேலைதான். அதிலிருந்தபடி தினமும் கண்ணில் பட்டு, கையில் தீராமல் போன ஒரு விஷயம்தான். உங்கள் ஆபீசிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒரு சான்றிதழுக்காக நாலு தடவை நடந்த கிழவராக இருக்கலாம், எங்கே கொடுப்பது என்று தெரியாமல் மனுவோடு வராந்தாவில் நின்ற பெண்ணாக இருக்கலாம். நீங்கள் பார்த்தீர்கள், வருத்தப்பட்டீர்கள், அடுத்த ஃபைலை எடுத்தீர்கள். அது எது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவர் வீட்டிலிருந்து உங்கள் ஆபீசுக்குப் பஸ் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

(தொடரும்)