ஆலை வேலையும் நிரந்தரமும்

ஓசூர்ப் பகுதி ஆலைகளின் தொழில்திறன் வேலை இளைஞர்களுக்கு நல்ல பிழைப்பைத் தரும். கையில் தொழிலும், வேலையில் நிரந்தரமும் சேர்ந்தால்தான் தரும். அஞ்செட்டி வட்டத்தில் ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையிலுள்ள நாட்றாம்பாளையத்துக்கு, அந்த இரண்டும் கிடைக்குமா என்ற கேள்வி முக்கியமானது. மானாவாரி கேழ்வரகையும் மாட்டையும் நம்பி ஒரு தலைமுறைக்கு மேல் குடும்பம் நடத்த முடியாத ஊர்கள் இங்கே பல.

ஓசூரில் 1970-களில் சிப்காட் வளாகம் உருவானது. 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கின. டாடா எலக்ட்ரானிக்ஸ் அண்மைக்கால வரவு.

இந்த ஆலைகளுக்குப் போகும் வழிகளில் ஒன்று ஐ.டி.ஐ. அங்கே ஃபிட்டர், டர்னர் படிப்பு இரண்டு ஆண்டு, வெல்டர் ஓர் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அதில் சேர்பவர்களுக்குப் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

தொழில் தெரிவது என்றால் என்ன என்பதை சி.என்.சி. லேத் அருகே நின்றால் பார்க்கலாம். ஆபரேட்டர் பாகத்தைச் சக்கில் மாட்டி, கதவை மூடி, பட்டனை அழுத்துகிறார். சில நாளில் பழகிவிடும். அளவு 0.01 மில்லிமீட்டர் பிசகினால் மைக்ரோமீட்டரில் அதைப் பிடித்து, இன்சர்ட் (வெட்டுமுனை) தேய்ந்ததா என்று பார்த்து, ஆஃப்செட்டைத் திருத்துபவர் செட்டர். செட்டரை எந்த ஆலையும் லேசில் விடாது. ஆபரேட்டர் இடத்துக்கோ வாசலில் ஆள் காத்திருக்கிறது.

அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். முதலில் பயிலுநராக (அப்ரண்டிஸ்) சேர்பவர் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி அல்லர். 2019 விதித் திருத்தம் குறைந்தபட்ச உதவித்தொகையை, படிப்பைப் பொறுத்து, 5,000 முதல் 9,000 ரூபாய் என நிர்ணயித்தது. அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? பயிற்சி முடிந்ததும் ஒப்பந்தக்காரரிடம் வேலை, பிறகு வேறோர் ஆலை, மறுபடி ஒப்பந்தம் என்று இருபதுகள் கழிந்துவிடுகின்றன. இது இளைஞர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981 சட்டம். அதற்கு முன்பே ஆளை மாற்றிவிட்டால் சட்டம் எட்டுவதில்லை. எனவே வேலையில் சேர்பவர் முதல் நாளே கேட்க வேண்டியவை சில: நியமன ஆணை தருவது ஆலையா, ஒப்பந்தக்காரரா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் உண்டா? இயந்திரத்தை செட் செய்யக் கற்றுத்தருவார்களா?