வைகையில் ஈயத்தைத் தேடுவது எப்படி?

ஆண்டில் பல மாதங்கள் மதுரைக்குள் வைகையில் ஓடுவது மலைத் தண்ணீர் இல்லை. பந்தல்குடி போன்ற வாய்க்கால்கள் கொண்டுவந்து சேர்க்கும் கழிவுநீர்தான். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் மாதிரியான நச்சு உலோகங்கள் கலந்திருந்தால் மட்டும் கண்ணும் மூக்கும் உதவாது.

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயம் வரைதான் இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்து. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்! காட்மியத்துக்கு வரம்பு இன்னும் குறைவு: லிட்டருக்கு 0.003 மில்லிகிராம்.

இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்க, மாதிரி எடுப்பதிலேயே கவனம் வேண்டும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்ததும் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். விடாவிட்டால் உலோகம் பாட்டிலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் அளவு குறைவாகக் காட்டும்.

அளப்பதற்கு அணு உட்கவர் நிறமாலைமானி. ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1950களில் உருவாக்கிய முறை இது. மாதிரியில் ஒரு சொட்டைக் கிராஃபைட் குழாயில் விட்டு, அணு அணுவாகப் பிரியும் வரை சூடேற்றுவார்கள். ஈயத்தைத் தேடினால் ஈய விளக்கின் ஒளியைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். ஈய அணு அந்த ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அதை வைத்து ஈயத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் வைகைக்குத் தண்ணீர்ச் சோதனை மட்டும் போதாது. இரவில் கொட்டிய கழிவு காலையில் எடுக்கும் மாதிரியில் சிக்காமல் போகலாம். வெள்ளம் வந்தால் நீர்த்துவிடும். வறண்டாலோ பாட்டிலில் பிடிக்கவே தண்ணீர் இருக்காது. உலோகம் பெரும்பாலும் களிமண் துகளில் ஒட்டி அடியில் படிந்துவிடும். ஆகவே வண்டலைத்தான் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, உலர்த்தி, 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, ராஜதிராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்து, அதே கருவியில் வைப்பார்கள். மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் உலோகம் உண்டு. எனவே நகரத்துக்கு மேலே சோழவந்தான் பக்கத்து வண்டலையும் கீழே விரகனூர் மதகணை வண்டலையும் ஒப்பிட்டால்தான் நகரம் சேர்த்தது எவ்வளவு என்று புரியும்.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தைத் தேடியவர்களும் ஏரித் தண்ணீரோடு நிற்கவில்லை. சேற்றையும் மீனையும் சோதித்தார்கள். மீன்வரை பாதரசம் போயிருந்தது.

கண்மாய் வண்டலை அள்ளி வயலில் போடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம், மண்ணுக்கு நல்லதும்கூட. நகரக் கழிவு கலக்கும் கண்மாய் என்றால், டிராக்டரில் ஏற்றும் முன் ஒரு கிலோ வண்டல் ஆய்வகத்துக்குப் போகட்டும். சாணமும் தழையும் மக்கும், ஈயம் மக்காது. ஒருமுறை வயலில் இறங்கினால் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.