அளப்பது சரி, பாரத்தை இறக்குவது யார்?

மழைமானி மழையைக் கொண்டுவராது. மல்லாங்கிணற்றுக் கரிசல்காட்டு உழவனுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அதிகாரி ஏட்டில் எழுதாவிட்டால், காய்ந்த காடு வறட்சிக் கணக்கில் சேராது. நிவாரணம் ஊர் எல்லையைத் தொடாது. அளவு இல்லையேல் வழக்கு இல்லை. அளவு மட்டும் இருந்தால் வாழ்வு இல்லை!

இந்தக் கணக்கை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், தோழர்களே!

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டிலிருந்தும், திருச்சுழிப் புன்செய்க்காரர் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் படிக்கப் போகிறார்கள். அவர்களில் பலர், தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுதியில் இடம் கிடைத்த சேதி வந்த அன்று வீடே சிரிக்கிறது. பிறகு? தொலைபேசியில் தாய் கேட்கிறாள். "நல்லாத்தான் இருக்கேம்மா" என்கிறான் பிள்ளை. அவன் சொன்னது அவ்வளவுதான். சொல்லாதது எவ்வளவு?

சொல்லாததை அளக்க ஒரு கருவி உண்டு. 1983இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன், வேறு இருவரோடு சேர்ந்து கேள்விப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். முதலில் 14 கேள்விகள். பின்னர் 10 கேள்விகளாகவும் அது சுருக்கப்பட்டது. கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போனதாக எத்தனை முறை தோன்றிற்று, சமாளிக்க முடியும் என்ற துணிவு எத்தனை முறை இருந்தது என்ற வகைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பத்துக்கும் கூட்டினால் அதிக அளவு 40. நம் நாட்டுக் கல்லூரி ஆய்வாளர்கள் பலர் எடுத்தாளுவது இந்த அளவுகோலைத்தான்.

நல்ல கருவிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் எல்லையை அறியாமல் கையில் எடுக்கலாமா?

முதலாவது, இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று. 30 வாங்கியவன் நோயாளியும் அல்ல. 12 வாங்கியவனுக்குக் குறையே இல்லை என்பதும் அல்ல. "இவன் பலவீனன்" என்று மாணவன் நெற்றியில் ஒட்டும் சீட்டாக அந்த எண்ணை ஆக்குவது அறிவுடைமை ஆகாது, அநீதி!

இரண்டாவது, மொழி. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ வேறு, ‘டிப்ரஷன்’ வேறு. நம் ஏடுகளில் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே எழுதுகிறார்கள். "நெஞ்சு பாரமா இருக்கு, ஒண்ணும் ஓடல" என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் ஆங்கிலத் தாளை நீட்டினால் நடு எண்ணில் கோடு இழுத்துவிட்டு எழுந்து போவான். அவன் மொழியில் கேட்காத கேள்விக்கு அவன் மனம் எப்படிப் பதில் சொல்லும்?

மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கேள்விகள் பாரத்தின் எடையைச் சொல்லும். பாரத்தின் பெயரைச் சொல்லா. உணவுக் கட்டணப் பாக்கியா? உதவித்தொகை வரத் தாமதமா? புரியாத ஆங்கிலப் பாடமா? சாதி கேட்டுச் சிரித்த சக மாணவனா? ஆறு பேர் படுக்கும் அறையா? எண் பேசாது. அதைக் கேட்டறிய மனிதன் வேண்டும்!

எடை சிறிதல்ல, தோழர்களே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த கணக்கில், 2022இல் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,044 பேர். அத்தனையும் ஒரு வீட்டின் விளக்கு!

உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று தந்த தீர்ப்பிலே, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும், உதவி எண்களை விடுதியில் எல்லோரும் காண எழுதி வைக்கவேண்டும் என்று ஆணையிட்டது. அதே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு, தன் நலத்துறை விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டியது. பெயர்ப்பலகையில் ஏறிய நீதி படுக்கையறை வரை நடந்து வந்ததா என்று பார்ப்பது யார் வேலை? நம் வேலை!

மாணவனிடம் பத்துக் கேள்வி கேட்கட்டும். நாம் விடுதியிடம் கேட்போம். ஆலோசகர் எங்கே? வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? மாணவன் எழுதிய விடைத்தாளை யார் யார் பார்க்கிறார்கள்? அதிக எண் வந்தவனிடம் மறுநாள் யார் பேசினார்கள்? அவன் உதவித்தொகை என்று கைக்கு வந்தது? இவற்றுக்கு விடை இல்லாத விடுதியில் அளவெடுப்பு வெறும் ஆவணச் சேர்ப்பு!

வீட்டிலும் வேலை உண்டு. அடுத்த முறை பிள்ளை பேசும்போது மதிப்பெண்ணைப் பின்னால் கேளுங்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா, பக்கத்தில் பேச ஆள் இருக்கா" என்று முன்னால் கேளுங்கள். "படிப்பு விட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் தளர்ந்தால், 14416 என்ற எண்ணைச் சொல்லுங்கள். கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். நம் கிளைக் கழகப் பலகையில் கூட்டச் செய்திக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் இருக்கட்டும்.

கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை பட்டத்தோடு திரும்பவேண்டும்; அதற்கு முன்னே, பிள்ளையாகத் திரும்பவேண்டும்!