இரண்டாம் முறை எழுதும் பரீட்சை

பரீட்சையில் மார்க்குக் குறைந்துபோன பிள்ளையிடம் உற்றார் உறவினர் இரண்டு விதமாகப் பேசுவதுண்டு. "போனால் போகிறது, வேளை சரியில்லை" என்பார் ஒருவர். "இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் படித்திருக்கலாம்" என்பார் மற்றொருவர். முன்னது ஆறுதல்; பின்னது உபதேசம். இரண்டினாலும் காலணாப் பிரயோஜனம் கிடையாது. எங்கே தவறிற்று என்பதை இரண்டும் சொல்லவில்லை அல்லவா?

என்ஜினீயரிங் பட்டதாரிகள் உள்ள இல்லங்களில் மார்ச்சு மாதம் பிறந்தால் இந்தப் பேச்சு அதிகமாகக் காதில் விழும். "கேட்" என்னும் பரீட்சையின் முடிவு வெளிவரும் காலம் அது. மேற்பட்டப் படிப்புக்கு நம் நாட்டில் இதுதான் தலைவாயில். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், சென்னை, பம்பாய், டில்லி, கான்பூர், கரக்பூர், ரூர்க்கி, கௌஹாத்தி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து இதை நடத்துகின்றன. வருஷத்துக்கு ஒரு தடவைதான் பரீட்சை. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க்கு. தவறினவர் மறுபடியும் அந்த வாயிலில் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தை என்ன செய்வது என்பதே நம்முடைய விஷயம்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி இறுதியில் 95 வாங்கிய பிள்ளை இதில் 28 வாங்கினான் என்றதும் பலர் திகைத்துப் போகிறார்கள். இந்தத் தராசு வேறு. பரீட்சை எழுதிய அனைவருடைய சராசரியையும், அவர்களுடைய மார்க்குகள் அதைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதையும் கணக்கிட்டுத்தான் தேறுவதற்கான எல்லையைப் போடுகிறார்கள். பொதுப் பிரிவினருக்கு அந்த எல்லை 25க்குக் கீழே இறங்காது என்பது விதி. ஆகவே 28 என்பது ஒரு வருஷத்தில் ஒரு பாடத்தில் தேர்ச்சியாகவும், வேறொன்றில் தோல்வியாகவும் இருக்கக்கூடும். பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு பிள்ளையை அளப்பது நியாயமாகாது.

இனி, மாணவர் செய்ய வேண்டிய முதற் காரியத்தைச் சொல்லுவோம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் விடைத்தாளைத் திறக்க வேண்டும். அவரவர் குறித்த விடைகளையும், சரியான விடைகளையும் பரீட்சை நடத்துவோரே வெளியிடுகிறார்கள். இரண்டையும் உடனே எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்வது நலம். பிறகு மார்க்குப் போன கேள்விகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். விஷயமே தெரியாமல் விட்டவை ஒன்று. தெரிந்திருந்தும் கணக்கில் சறுக்கியவை இரண்டு. குருட்டுத்தனமாகக் குறித்தவை மூன்று.

நம்மிடம் பள்ளியில் படித்து, பின்னர் இயந்திர என்ஜினீயரிங் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், 24 மார்க்குடன் வந்து எல்லாப் பாடங்களையும் முதலிலிருந்து படிக்கப் போவதாகச் சொன்னார். அவரை உட்காரவைத்து இந்தக் குவியல்களைப் போடச் செய்தோம். தவறாகக் குறித்ததற்காகக் கழிக்கப்பட்டது மட்டும் ஒன்பது மார்க்கு! தெரியாமையால் இழந்தவை, இழந்தவற்றில் பாதிகூட இல்லை. மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தது, திரையில் தோன்றும் கணக்குக் கருவியில் எண்ணைத் தவறாகத் தட்டியது, "எது பொருந்தாது" என்ற கேள்வியை "எது பொருந்தும்" என்று வாசித்தது — இப்படிப்பட்டவையே மிகுதி. எல்லாவற்றையும் மறுபடி படித்திருந்தால் இந்தக் குறைகள் அப்படியே இருந்திருக்கும். படித்த பக்கங்கள் மட்டும் இரட்டித்திருக்கும்.

குருட்டுக் குறியைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்ப்போம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க்குக் கேள்வியில், தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். பன்னிரண்டு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக மூன்று சரியாகும், ஒன்பது தவறாகும். வரவு மூன்று, செலவும் மூன்று. கையில் நிற்பது பூஜ்யம். ஆனால் நான்கில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால் நான்கு சரியாகும், எட்டு தவறாகும். ஒன்றேகால் மார்க்குக்கு மேல் மிஞ்சும். ஒரு விடையையாவது தள்ளத் தெரியாத கேள்வியை விட்டுவிடுவதே விவேகம். விடையை எண்ணாகத் தாமே எழுத வேண்டிய கேள்விகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளிலும் கழிவு கிடையாது. அவற்றைச் சும்மா விடுவது வீண்.

இன்னொன்று. இந்த 100 மார்க்கில் 15 பொது அறிவாற்றலுக்கு உரியது. மொழியும், எளிய கணக்கும், தர்க்கமும் அதில் அடக்கம். பெரும்பாலான பாடங்களில் 13 மார்க்கு என்ஜினீயரிங் கணிதத்துக்கு. இரண்டும் சேர்ந்து 28. "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று மாணவர்கள் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைப்பது இவற்றைத்தான்.

குவியல் பிரித்தாயிற்று; எப்படிப் படிப்பது? அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2006-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, சிலரை அதையே மறுபடி படிக்கச் செய்தார்கள். சிலரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்கள் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது "தெரிந்துவிட்டது" என்ற மயக்கத்தைத் தருகிறது. மூடிவைத்து எழுதினால்தான் தெரியாதது வெளிப்படுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏட்டைக் கட்டிவைத்துவிட்டுப் பாடம் ஒப்பித்ததன் பயன் இதுவே.

ஆகவே கோடை முழுவதும் முதற் குவியலின் பாடங்களைப் படித்து, அன்றன்று மூடிவைத்து எழுதிப் பார்க்கலாம். ஆடி ஆவணியிலிருந்து பழைய கேள்வித்தாள்கள். மார்கழி பிறந்தால், வாரத்துக்கு ஒன்றாக மூன்று மணி நேர முழுப் பரீட்சை. அதுவும் கணினித் திரையில், அங்கே தரும் கணக்குக் கருவியைக் கொண்டே. ஒவ்வொரு பரீட்சைக்குப் பின்னும் மூன்று குவியல்களைப் போட மறக்கக் கூடாது. இரண்டாம் குவியல் சிறுத்துக்கொண்டு வந்தால் முயற்சி பலிக்கிறது என்று அறியலாம்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது உண்மைதான். அதனால் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்கிய மார்க்கு மூன்று வருஷம் செல்லும். அதைக்கொண்டு விரும்பிய துறையில் ஓரளவு நல்ல கலாசாலையில் இடம் கிடைக்குமானால், ஒரு வருஷத்தைச் செலவிடுவது லாபமா என்று யோசிக்க வேண்டும். குவியல்களைப் பார்த்து, "இந்த இந்த இடங்களில் இத்தனை மார்க்கு மீட்கலாம்" என்று காகிதத்தில் எழுதிக் காட்ட முடிந்தவரே மறுபடி எழுதட்டும்.

அப்படி எழுதிக் காட்டுகிறவர் பெண்ணாக இருந்தால்? ஆணுக்கு "இன்னொரு தரம் பார்க்கட்டும்" என்று சொல்லும் அதே வீடு, பெண்ணுக்கு ஜாதகத்தை எடுத்துவிடுகிறது. ஒரு தடவை சறுக்கியதை அவளுடைய அறிவின் எல்லையாகக் கொள்வது பெரும் அநீதி. மறு வாய்ப்பு என்பது பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் அளக்கப்பட வேண்டிய படி.

நாம் சொன்ன இளைஞர் மறு வருஷம் 43 மார்க்கு வாங்கினார். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்கவில்லை. அரசாங்கக் கலாசாலை ஒன்றில் விரும்பிய துறை கிடைத்தது. பிள்ளை மறுபடி எழுதத் துணிந்திருக்கும் வீட்டார், "எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று தினமும் கேட்பதை நிறுத்திவிட்டு, "இந்த வாரம் எந்தக் குவியல் குறைந்தது?" என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கேட்டால் போதும்.